நிலச்சம்பங்கி வந்த வழி

மாலை மங்கியதும் மணம் பரப்பும் நிலச்சம்பங்கியைப் பழந்தமிழர் சூடிய மலர்களுள் ஒன்றென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். கோயில் மாலையிலும் மணமாலையிலும் இடம்பெற்ற பூவைப் பற்றி வேறு எவ்வாறு எண்ண இயலும்? ஆயினும், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர் வரிசையில் இதனைத் தேடினால் கிட்டாது. அங்குள்ளது சண்பகம், அது மரத்தில் பூப்பது. நம் நிலச்சம்பங்கியோ மெக்சிகோ நாட்டுக் கிழங்கு. கடல் கடந்து வந்த பூவிற்குச் சண்பக மரத்தின் பெயரையே இரவல் தந்து, தரையில் வளர்வதால் 'நில' என்ற அடையையும் சேர்த்துக்கொண்டோம்.

அதன் தாயகத்தில் நஹுவா மொழியினர் இட்ட பெயருக்கு 'எலும்புப் பூ' என்பது பொருள். வெண்மையும் மெழுகுப் பளபளப்பும் கருதி இட்டனர் போலும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவில் நகர மருத்துவர் சிமோன் தே தோவார் வழியாக இக்கிழங்கு லைடன் நகரத்து அறிஞர் குளூசியஸின் கைக்குச் சென்றது. பிலிப்பைன்ஸ் மக்களோ இதனை 'அசுசேனா' என்பர். ஸ்பானிய மொழியில் அது லில்லியின் பெயர். ஆக, சென்ற இடத்தில் வேறொரு பூவின் பெயரை ஏற்று வாழ்ந்தது நம்மிடத்தில் மட்டுமன்று.

இந்தியாவிற்குள்ளேயே எத்தனை பெயர்! வங்காளியர்க்கு ரஜனீகந்தா, மராத்தியர்க்கு நிசிகந்தம், இரண்டும் இரவின் மணத்தைச் சொல்பவை. கன்னடத்தில் சுகந்தராஜா. பயன்பாடும் மாறுகிறது. நாம் காம்பு நீக்கி உதிரியாக வாங்கி மாலை தொடுப்போம். கல்கத்தாவில் நெடுந்தண்டோடு கட்டாக விற்பர். அங்கே திருமண இல்லத்திலும் இதுவே, இறந்தவர் படத்தருகிலும் இதுவே. புதிதாகக் குடிவந்த நம்மவர் முதலில் சற்றுத் திகைப்பர். நம் ஊர் மாலைகளும் அவ்வாறே இருபுறமும் செல்வதை அப்போது நினைப்பதில்லை.

தாவர நூலாரும் இதன் பெயரை மாற்றினர். 1753-இல் லின்னேயஸ் 'பாலியாந்தஸ் டியூபரோசா' என்றார். 2017-இல் ஆனைக்கற்றாழையின் இனத்தோடு சேர்த்து 'அகேவ் அமிகா' என்றனர். 'அமிகா' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தோழி என்பது பொருள். அகப்பாடல் பயின்ற நமக்கு இப்பெயரே பிடித்திருக்கிறது!

மாலைக்கு உகந்தது ஓரடுக்குப் பூ. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த 'சிருங்கார்', மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும் 'பிரஜ்வல்' ஆகியவை அவ்வகையின. மாடத்துத் தொட்டியிலும் வளரும். வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதனைச் சூழ்ந்த பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூக்கும். அவற்றைப் பிரித்து நட வேண்டும். அண்டை வீட்டார்க்கும் கொடுக்கலாம்.

தில்லியில் வாழ்வோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இலைகள் கருகிவிடும். செடி மடிந்ததென்று தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டா. நீரைக் குறைத்து ஓரமாக வைத்திருந்தால், குளிர் நீங்கியதும் மண்ணைப் பிளந்துகொண்டு பசுந்தளிர் தலைகாட்டும்.