மணற்றீவில் ஒரு துறைமுகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கரையில் இரு துறைமுகங்கள் செழித்திருந்தன. ஒன்று இந்தியனோலா, மற்றையது, ஒடுங்கிய மணற்றீவொன்றில் அமைந்த கால்வெஸ்டன். ஜெர்மானியக் குடியேறிகள் வந்திறங்கிய இந்தியனோலாவை 1875ஆம் ஆண்டுச் சூறாவளி சிதைத்தது. மக்கள் மீண்டும் கட்டினர். 1886இல் வந்த புயலும் அதனுடன் மூண்ட தீயும் எஞ்சியதையும் அழிக்கவே, அவ்வூர் கைவிடப்பட்டது.

கால்வெஸ்டனில் அப்பொழுது கடலரண் அமைக்கும் பேச்சு எழுந்தது. எழுந்தவாறே அடங்கியும் போயிற்று. 1891இல் அந்நகரின் வானிலை அதிகாரி ஐசாக் கிளைன், புயலால் நகருக்குப் பெருங்கேடு விளையுமென அஞ்சுவது வெறும் மயக்கமே எனப் பத்திரிகையில் எழுதினார். அத்தீவின் மிக உயர்ந்த இடமோ கடல்மட்டத்திலிருந்து 9 அடியைத்தானும் எட்டவில்லை!

1900 செப்டெம்பரில் கியூபாவைக் கடந்த சூறாவளியொன்று மெக்சிக்கோ வளைகுடாவுள் செல்லுமெனக் கியூபா நாட்டு அறிஞர் கணித்தனர். வாஷிங்டன் அதிகாரிகள் அதனை மதித்திலர்; புயல் புளோரிடாப் பக்கம் திரும்புமென்றே நம்பினர். 8ஆம் நாள் மாலை, 15 அடிக்கு மேல் உயர்ந்த கடல் தீவை மூடியது. கரையோர அநாதை இல்லத்துக் கன்னியர் பதின்மர், துணிக்கொடிக் கயிற்றாற் பிள்ளைகளைத் தம் இடுப்புடன் பிணைத்துக்கொண்டு காக்க முயன்றனர். அவ்வில்லத்தில் உயிர் தப்பியோர் சிறுவர் மூவரே. கிளைனின் மனைவியும் மாண்டார். ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த நகரில் இறந்தோர் 6,000க்குக் குறையார் என்பர். 8,000 என்று கொள்வாரும் உளர்.

அதன்பின் நகரத்தார் செய்தது வியப்புக்குரியது. 1902இல் 17 அடி உயரக் கடலரணைத் தொடங்கி, 1904இல் அதன் முதற்பகுதியை முடித்தனர். நகரையே உயர்த்தவும் துணிந்தனர். வீடுகளையும் கோயில்களையும் திருகுதூக்கிகளால் மெல்ல மெல்ல எழுப்பி, தோண்டியெடுத்த மணலை நீருடன் குழாய்வழி அவற்றின் கீழே பாய்ச்சினர். இவ்வாறு உயர்ந்த கட்டடங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மக்கள் ஆண்டுக்கணக்காக மரப்பாலங்களின்மேல் நடந்து திரிந்தனர். 1911இலேதான் பணி நிறைவுற்றது.

1915இல் மற்றுமொரு பெருஞ்சூறாவளி தாக்கியபோது அரண் தாங்கியது; நகருக்குள் இறந்தோர் மிகச் சிலரே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலே உள்நாட்டு நகரான ஹூஸ்டனுக்குக் கப்பற்கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. 1901இல் டெக்சாஸில் பீறிட்ட எண்ணெய்ச் செல்வமும் அவ்வழியே சென்றது. பெருங்கப்பல்கள் கால்வெஸ்டனின் முனையைக் கடந்து ஹூஸ்டனை நோக்கிச் சென்றன.