இரண்டடி இடைவெளி

போன வருஷம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சோகம் நடந்தது. நர்சரியில் பன்னிரண்டு தக்காளி நாற்றுகள் வாங்கி வந்தேன். மாடியில் இருந்ததோ நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரே ஒரு தொட்டி. பன்னிரண்டையும் அதிலேயே நட்டுவிட்டேன். பி.காம். புத்தி! அதே மண், அதே தண்ணீர், பன்னிரண்டு மடங்கு லாபம் என்று கணக்குப் போட்டது.

ஒரே மாதத்தில் தொட்டி காடாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் இலை. காயைத்தான் தேட வேண்டியிருந்தது. நாலு நாள் மழை பெய்ததும் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவி, மொத்தத் தொட்டியும் காலி. வரவு, மூன்று தக்காளி. "இதுக்குக் கடையில கால் கிலோ வாங்கியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

நர்சரிக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "எவ்ளோ இடைவெளி சார் விட்டீங்க?" என்றார். ஒரு சாண் என்று காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டடி விடணும் சார். குட்டைச் செடின்னா ஒன்றரை அடி போதும். குச்சி நட்டுக் கட்டாம படர விட்டா மூணடி. இலையில பட்ட ஈரம் காயணும்ல? காத்து நுழைய வழி விடாம நட்டா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்!"

அது சரி, அதென்ன குட்டைச் செடி, படரும் செடி? தக்காளியில் இரண்டு ஜாதியா? கிளறப் போனேன். உள்ளே ஒரு பெரிய சரித்திரமே இருந்தது!

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம். அங்கே பட்டாணி சைஸில் காய்த்துத் தரையில் படர்ந்து கிடந்த செடி அது. மெக்ஸிகோவில்தான் மனிதர்கள் அதைத் தோட்டப் பயிராக வளர்த்தார்கள். ஸ்பெயின்காரர்கள் வழியாக 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. விஷமாக இருக்குமோ என்று பயந்து பலர் அதை அழகுக்கு மட்டும் வளர்த்தது தனிக் கதை. நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். தக்காளி அடிப்படையில் ஒரு கொடி. நிறுத்தாமல் வளரும், வளர வளரக் காய்க்கும். இன்று நாலு பழம், நாளை மறுநாள் ஐந்து பழம் என்று தவணை முறையில்தான் தரும். அதற்கு இடம் வேண்டும், தாங்கக் குச்சி வேண்டும், திரும்பத் திரும்ப வந்து பறிக்க ஆள் வேண்டும்.

1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு விசித்திரச் செடி கண்ணில் பட்டது. யாரும் உருவாக்கியதில்லை, இயற்கை தானாகச் செய்த ஒரு சின்ன மாற்றம். ஓரளவு வளர்ந்ததும் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தோடு நின்றுவிடுகிறது. புதர் மாதிரி குட்டையாக உட்கார்ந்துகொண்டு, காய்களைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தருகிறது. குச்சி வேண்டாம், நெருக்கி நடலாம். நர்சரிக்காரர் சொன்ன ஒன்றரை அடிக் குட்டைச் செடியின் மூதாதை இதுதான்!

அந்தக் குட்டைக் குணத்தின் அருமை முழுதாகப் புரிந்த இடம், கலிஃபோர்னியா. கெச்சப்புக்கும் சாஸுக்கும் அங்கே ஏக்கர் ஏக்கராகத் தக்காளி. பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்தபோது, 1942-ல் இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள். 'பிராசெரோ' என்று பெயர். இந்த ஏற்பாடு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற கவலை பண்ணையாளர்களுக்கு உண்டு.

டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்ற தாவர நிபுணரும், கோபி லோரென்சன் என்ற பொறியாளரும் கைகோத்தார்கள். லோரென்சன், தக்காளி பறிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றார். அது செடியை அடியோடு அறுத்து உலுக்கும். அறுத்த பிறகு செடி ஏது? ஆகவே எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுத்திருக்க வேண்டும். உலுக்கினால் உடையக் கூடாது. ஹன்னா என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உருவாக்கினார்! குட்டையாக, கெட்டித் தோலோடு, ஒன்றாகப் பழுக்கும் 'வி.எஃப். 145' ரகம் பிறந்தது. வயலில் வரிசைக்கு வரிசை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை இனி இயந்திரத்தின் அகலம் தீர்மானித்தது.

1964 முடிவில் பிராசெரோ திட்டம் நிறுத்தப்பட்டது. அதுவரை ஓரமாகக் கிடந்த இயந்திரம் ராஜாவாகிவிட்டது. 1960-கள் முடிவதற்குள் கலிஃபோர்னியாவின் கெச்சப் தக்காளி அநேகமாக முழுக்க இயந்திர அறுவடைக்கு மாறியது. ஒரு டன்னுக்கு ஐந்து முதல் ஏழு டாலர் மிச்சம். விளைச்சலும் எகிறியது. கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் பிரமாதம்.

செலவுப் பக்கத்தைப் புரட்டலாமா? இயந்திரத்தின் விலை ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். சின்ன விவசாயி எங்கே போவான்? 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 தக்காளி விவசாயிகள் இருந்தார்கள். 1973-ல் சுமார் 600 பேர். 1970-களின் இறுதிக்குள் போன வேலைகள் சுமார் 32,000 என்று ஒரு மதிப்பீடு. மிச்சமான டாலர் ஒருவர் கணக்கில், போன கூலி இன்னொருவர் கணக்கில்!

'மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், பெரிய பண்ணைகளுக்கு மட்டும் ஏன் ஆராய்ச்சி செய்ய வேண்டும்?' என்று தொழிலாளர்கள் தரப்பில் 1979-ல் வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் நடந்தது. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, 1989-ல் மேல் முறையீட்டில் தோற்றார்கள்.

ஹன்னாவையோ லோரென்சனையோ வில்லன் ஆக்க எனக்கு இஷ்டமில்லை. குனிந்த முதுகோடு நாள் முழுக்கப் பழம் பறிப்பது ஒன்றும் சொர்க்கமில்லை. ஆனால் தக்காளிக்கு அவ்வளவு யோசித்தவர்கள், பறித்த கைகள் நாளைக்கு எங்கே போகும் என்றும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தக் கேள்வியை வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

சரி, நம் மாடிக்கு வருவோம். இங்கே இயந்திரம் கிடையாது. பறிக்கப்போவது நீங்கள்தான். எல்லாம் ஒரே நாளில் பழுத்தால் உங்களுக்குத்தான் அவஸ்தை. வாரம் நாலு பழம் ரசத்துக்கு வேண்டுமென்றால் படரும் ரகமாகப் பாருங்கள். குச்சி நட்டுக் கட்டுங்கள். இரண்டடி தள்ளி நடுங்கள்.

இந்த வருஷம் என் தொட்டியில் இரண்டே இரண்டு செடி. மிச்சப் பத்து நாற்றுகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போதே, "ரெண்டடி விடுங்க" என்று மறக்காமல் சொன்னேன். நேற்று எண்ணினேன், பதினேழு காய். மூன்றை விட இது அதிகம் என்பதற்கு பி.காம். தேவையில்லை!