ரோஹிங்யா அகதிகளும் எண்ணிம அடையாள அட்டையும்

மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி ஏற்கப்பட்ட தேசிய இனங்களுள் ரோஹிங்யாக்கள் இடம்பெறவில்லை. 1995 முதல் அவர்களுக்கு வழங்கப்பட்ட தற்காலிக வெள்ளை அட்டைகளும் 2015இல் செல்லாதனவாயின. எனவே அடையாள அட்டை என்பது அவர்தம் வரலாற்றில் உரிமை இழப்போடு பிணைந்த ஒன்றாகும்.

2017 ஆகஸ்டுக்குப் பின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசத்தில் அடைக்கலம் புகுந்தனர். 2018 ஜூனில் அந்நாட்டரசும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகமும் இணைந்து, கைரேகையும் கருவிழியும் பதிந்து அட்டை வழங்கத் தொடங்கின. உதவிப் பொருள் பெற அவ்வட்டை வழிசெய்தது. எனினும் அதில் ‘ரோஹிங்யா’ என்னும் இனப்பெயர் இல்லை; தரவுகள் மியன்மாரைச் சென்றடையும் என்னும் அச்சமும் நிலவியது. அவ்வாண்டு நவம்பரில் முகாம்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. குறைந்தது 8,30,000 பேரின் விவரங்களை, நாடு திரும்பும் தகுதியைச் சரிபார்ப்பதற்கென வங்காளதேசம் மியன்மாரிடம் அளித்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2021 ஜூனில் அறிவித்தது. அகதிகளின் ஒப்புதல் பெறப்பட்டதாக ஆணையரகம் விளக்கமளித்தது. ஆயின் அவ்வமைப்பு நேர்கண்டோருள் பெரும்பாலோர் அதனை அறிந்திருக்கவில்லை.

உணவுக்கான பதிவும் தாயகம் திரும்புவதற்கான பதிவும் ஒன்றானபோது, மறுக்கும் உரிமை பெயரளவினதாயிற்று. ஆகவே, எண்ணிம அடையாளத்தை மதிப்பிடுகையில் தொழில்நுட்பத்தின் துல்லியத்தினும் தரவு எவர் கைக்குச் செல்கிறது என்பதே முதன்மையான வினாவாகிறது.