ரொட்டிக் கடையில் முடிந்த கதை

சிறுகதையைத் திருத்துவது என்றால் வெட்டுவது என்ற நம்பிக்கை நம் எழுத்தாளர்களிடையே வேரூன்றிவிட்டது. சொல்லாமல் விட்டால் உணர்ச்சி கூடும் என்கிறார்கள். அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் கதை ஒன்றுக்கு நேர்ந்ததை இவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

பிறந்த நாளன்று ஒரு சிறுவன் காரில் அடிபட்டு நினைவிழக்கிறான். அவனுக்காகச் செய்த கேக்கை யாரும் வாங்க வராததால் ரொட்டிக் கடைக்காரன் கோபத்தோடு திரும்பத் திரும்ப டெலிபோன் செய்கிறான். 1981ஆம் வருஷத் தொகுப்பில் 'தி பாத்' என்ற பெயரில் வந்த இக்கதை, டெலிபோன் மணியோடு நின்றுவிடுகிறது. பையன் பிழைத்தானா, கூப்பிடுவது ஆஸ்பத்திரியா கடைக்காரனா என்று தெரியாது.

1983இல் 'கதீட்ரல்' தொகுப்பில் அதே கதை 'எ ஸ்மால், குட் திங்' என்று பல மடங்கு நீண்டு வந்தது. இதில் பையன் இறக்கிறான். பெற்றோர் நள்ளிரவில் கடைக்குச் சண்டைக்குப் போகிறார்கள். விஷயம் அறிந்த கடைக்காரன் மன்னிப்புக் கேட்டு, உட்காரவைத்து, சூடான ரொட்டி கொடுக்கிறான். அவர்கள் சாப்பிடுகிறார்கள், விடியும்வரை பேசுகிறார்கள்.

கார்வர் பின்னால் விரித்து எழுதினார் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் நீண்ட கதைதான் முந்தியது. அதைக் குறுக்கியவர் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ். புத்தகத்தையே நிறுத்திவிடும்படி 1980 ஜூலையில் கார்வர் அவருக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். பலனில்லை. லிஷின் வெட்டுகள் 1998இல் வெளிச்சத்துக்கு வந்தன. மூலப்பிரதி 'பிகினர்ஸ்' என்று 2009இல் அச்சானபோது, கார்வர் இறந்து இருபத்தோரு வருஷமாகியிருந்தது.

லிஷ் திறமைசாலி. அந்த டெலிபோன் மணி நம்மைக் கலக்குகிறது. ஆனால் அது தருவது பயம், துக்கம் வேறு. துக்கத்துக்கு நேரம் வேண்டும். சாவு நிச்சயமான பிறகும் பசிக்கிற வயிறு வேண்டும். பிள்ளையில்லாத ஒருவன், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன் ரொட்டித் தட்டோடு தவிக்கும் தவிப்பு வேண்டும். லிஷின் வெட்டில் அவன் வெறும் குரலாகிப் போனான்.

நண்பர்களின் கதைகளைப் படித்துவிட்டு, 'கடைசிப் பாராவை அடித்துவிடு' என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னேன். ஓரிரு கதைகளில் மட்டும், மனுஷன் இருந்தது அந்தப் பாராவில்தானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.