வட்டில்லாப் பெட்டியும் தோணிக் கணக்கும்

புதுத் துறைமுகம் வருவதற்கு முந்தைய தூத்துக்குடியைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கரையோரம் கடலுக்கு ஆழம் கிடையாது. பெரிய கப்பல் எதுவானாலும் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சோ, உப்போ, கருவாடோ, எல்லாச் சரக்கும் தோணியில்தான் போய்ச் சேரவேண்டும், தோணியில்தான் வந்து இறங்கவேண்டும். கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நீட்டிப் புதுத் துறைமுகம் கட்டி, 1974 ஜூலை 11 அன்று அதைப் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். 2011-இல்தான் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அவ்வளவு காலம் ஏன் காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இன்றைய கட்டுரை கம்ப்யூட்டர் பற்றியது. தோணிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டதும் அதற்கு ஒன்றுமே தெரியாது. விண்டோஸ், லினக்ஸ், யூனிக்ஸ் என்று நாம் சொல்லும் இயங்குதளம் உள்ளே இருக்கும் வட்டில் கிடக்கிறது. ஒரு சின்னச் சிப்பில் எழுதி வைத்த நாலு வரி நிரல் அதை எடுத்து நினைவகத்தில் ஏற்றிவிடும். அதன்பிறகுதான் பெட்டிக்கு உயிர். சரி, வட்டே இல்லை, அல்லது கெட்டுப்போய்விட்டது, சிடி போடவும் வழியில்லை என்றால்? அப்போது நெட்வொர்க் கம்பி வழியாக வேறொரு கம்ப்யூட்டரிடமிருந்து இயங்குதளத்தை வாங்கிக்கொள்ளவேண்டும். வெளியே நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி, முதலில் அது கரையைப் பார்த்துக் குரல் கொடுக்கும்: "நான் வந்திருக்கிறேன், எனக்கு இடம் எது?"

இந்தக் குரல் கொடுக்கும் முறையை அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆட்கள் 1984-இல் எழுதி வைத்தார்கள். அதற்கு ரார்ப் என்று பெயர். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். அதைப் பிறப்பு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் பிறப்பு எண் இது, இந்த ஊரில் என் விலாச எண் என்ன?" என்று பெட்டி கேட்கும். கரையில் உள்ள சர்வர் தன் ஏட்டைப் பார்த்துப் பதில் சொல்லும். மறு ஆண்டே பூட்பி என்று கொஞ்சம் விரிவான முறை வந்தது. இன்று உங்கள் வீட்டு வைஃபை பெட்டி செல்போனுக்கு எண் கொடுக்கிறதே, டிஎச்சிபி, அது பூட்பியின் பிள்ளை. இன்டெல் நிறுவனம் 1999-இல் இதையெல்லாம் சேர்த்துச் சாதாரண பிசிக்கு ஒரு விதி வகுத்தது. அது பிஎக்ஸ்இ.

இடம் கிடைத்தாயிற்று. இனிச் சரக்கு. அதைக் கொண்டுவருவது டிஎஃப்டிபி. இதன் விதிமுறையைக் காரன் சாலின்ஸ் என்ற பெண்மணி 1981-இல் எழுதி வெளியிட்டார். இது அசல் தோணிதான். ஒரு நடைக்கு 512 பைட். சர்வர் ஒரு நடை அனுப்பும். பெட்டி "வந்து சேர்ந்தது" என்று சொன்னால்தான் அடுத்த நடை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? 512-க்குக் குறைவாக ஒரு தோணி வந்தால் அதுதான் கடைசித் தோணி. நம்ம ஊர் தண்டல் யாரிடம் சொன்னாலும், "இதுல என்னய்யா புதுசு?" என்று கேட்டிருப்பார்.

சரக்கு கையாளும் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தவன் நான். கம்ப்யூட்டர் வந்த பிறகு, பயம் இல்லாதவன் என்ற ஒரே தகுதியில் அதற்குக் காவலாளி ஆனேன். 1990-களின் தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது நாவெல் நெட்வேர். அந்தக் காலத்தில் இந்தியாவில் பயிற்சி நிலையங்கள், வங்கிகள், சிறு அலுவலகங்கள் எங்கு பார்த்தாலும் நாவெல்தான். ஹார்ட் டிஸ்க் விலை யானை விலை. அதனால் சர்வருக்கு மட்டும் டிஸ்க் வாங்கி, மற்ற பெட்டிகளில் நெட்வொர்க் அட்டை மேல் ஒரு பூட் ராம் சிப்பைச் சொருகிவிடுவார்கள். டாஸ்ஜென் என்ற நிரல் ஒரு பிளாப்பியை அப்படியே படம் எடுத்து சர்வரில் வைக்கும். பெட்டிகள் காலையில் எழுந்ததும் அந்தப் படத்தை வாங்கி, தங்களிடம் பிளாப்பி இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 1986-இல் லாகூரில் கிளம்பிய பிரெயின் வைரஸ் பிளாப்பியில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது. பிளாப்பியே இல்லாத பெட்டியில் அது எங்கே ஏறும்?

கெடுதலும் அதிலேயேதான். முத்துக் குளிப்பில் கீழே போகிறவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அதற்கு மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வது வழக்கம். 1961-இல் நம் கடலில் முத்துக் குளிப்பு நின்றுபோனது, ஆனால் கயிற்றின் கதை எனக்கு நாவெல் காலத்தில்தான் முழுசாகப் புரிந்தது. சர்வர் நின்றால் பன்னிரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தும்.

1996 வாக்கில் சம்பளக் கணக்குக்கென்று ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 வந்தது. சன் நிறுவனம் 1982-இல் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. அதில் ஒருவர் நம்மவர், வினோத் கோஸ்லா. வட்டில்லாத பெட்டியை நெட்வொர்க்கில் கட்டி மேய்ப்பதில் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே கெட்டிக்காரர்கள். ஸ்பார்க்ஸ்டேஷனும் பிசி மாதிரி இராது. ராட்டு வேறு, சிப்பு வேறு, பேச்சே வேறு. இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே அது "ஓகே" என்று எழுதிவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நாம் ஃபோர்த் என்ற மொழியில் கட்டளை கொடுக்கலாம். "பூட் நெட்" என்று அடித்தால் போதும், கடலைப் பார்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

இந்த "ஓகே"யை உருவாக்கியவர் மிட்ச் பிராட்லி. இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பின்னாளில் இவர் "ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி" திட்டத்தின் பச்சை நிறக் கணினிக்கும் அதே மென்பொருளை அமைத்துக் கொடுத்தார். 2007-இல் மகாராஷ்டிரத்தில் கர்ஜத் பக்கம் கைராட் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அந்தக் கணினிகளை முதன்முதலாக நம் நாட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். ஒரு வகுப்பில் அத்தனை கணினிக்கும் புது இயங்குதளம் போட வேண்டுமானால் ஒவ்வொன்றாகவா போடுவது? பிராட்லி நாண்ட்பிளாஸ்டர் என்று ஒரு வழி செய்தார். ஒரு கணினி கம்பியில்லாமல் ஒலிபரப்பும், சுற்றியுள்ள கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துத் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும். "வந்து சேர்ந்தது" என்று யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. வழியில் சில துண்டுகள் தவறினாலும் மீதியை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். தோணி போய் வானொலி வந்த மாதிரி.

நான் ஓய்வு பெற்றது 2004-இல். அதற்குள் நிறுவனம் கைமாறிவிட்டது. 2008-இல் பழைய சுமைதூக்கும் தொழிலாளிகள் பதினோரு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் வாங்கப் பத்தாண்டு சேவை வேண்டும். இவர்கள் எல்லோரும் அந்தக் கரையில் நிற்பவர்கள். கையில் சீட்டு இல்லை. சம்பளப் பேரேடுகளைக் கிட்டங்கியில் போட்டு வைத்ததில் ஒரு பாதி மழை, மறுபாதி கரையான். "இருக்கிற காகிதத்துக்கு ஏற்பத்தான் கையெழுத்து" என்று புது நிர்வாகம் சொல்லிவிட்டது. அவர்களில் மூத்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி, நான் பத்து வருசம் சுமந்தது அந்தப் பொட்டிக்குத் தெரியும்லா? அது வாயத் தொறந்தாப் போதும்."

பெட்டி அதே கிட்டங்கியில்தான் கிடந்தது. உப்புக்காற்றில் பிளாப்பி டிரைவ் துருப்பிடித்து இறுகிவிட்டது. சிடி டிரைவ் அதற்கு வாங்கவே இல்லை. வட்டு சுழன்றது, ஆனால் சொந்த இயங்குதளத்தின் கோப்புகள் சில கெட்டு, பாதி வழியில் நின்றது. வட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம் என்றால் அது ஸ்கஸி வகை. அதைப் பொருத்தும் அட்டை நம்ம ஊர்க் கடை எதிலும் கிடைக்கவில்லை. பாக்கி இருந்த ஒரே வழி "பூட் நெட்".

பக்கத்துத் தெருவில் பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு தம்பி இருந்தான். அவனுடைய பிசியில் லினக்ஸ் போட்டு, ரார்ப், டிஎஃப்டிபி இரண்டையும் ஓடவிட்டோம். டெபியன் லினக்ஸ் அப்போது ஸ்பார்க்குக்கும் நிறுவி வெளியிட்டுக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கில் ஏற்றுவதற்கென்றே ஒற்றைக் கோப்பாக அது கிடைக்கும். அந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு மாலை போயிற்று. ஸ்பார்க்குக்குக் கொடுக்கும் விலாச எண்ணையே பதினாறடிமான எழுத்தில் எழுதிப் பெயராக வைக்கவேண்டும். 192.168.1.10 என்றால் சி0ஏ8010ஏ, அதன் பின்னால் புள்ளி வைத்து சன்4எம். ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும், சர்வர் மௌனம் காக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சன் பெட்டிகளில் கடிகாரமும் பிறப்பு எண்ணும் ஒரே சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பின் வயிற்றிலேயே ஒரு சின்ன பேட்டரியை வைத்துப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பத்தாண்டு போல உழைக்கும். அது தீர்ந்தால் பெட்டி தன் பிறப்பு எண்ணையே மறந்துவிடும். எங்கள் பெட்டி மறந்துவிட்டது. "நான் யார்" என்று தெரியாதவன் கரையைப் பார்த்து என்னவென்று குரல் கொடுப்பான்? சேவைக்குச் சாட்சி இல்லாத பதினோரு பேருக்காக, தன் பெயருக்கே சாட்சி இல்லாத ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

நல்லவேளையாக "ஓகே" இருந்தது. எம்கேபி என்ற கட்டளையால் ஒவ்வொரு பைட்டாகப் பெயரைத் திரும்ப எழுதலாம். சன் பெட்டி எல்லாவற்றுக்கும் பிறப்பு எண் 8, 0, 20 என்று தொடங்கும். அது குடும்பப் பெயர். மீதியை நாமாகக் கொடுத்து அதையே சர்வர் ஏட்டிலும் எழுதிவிட்டால் போதும். ஆனால் பேட்டரி செத்ததால் மின்சாரம் போனால் எழுதியதும் போய்விடும். அது 2008. தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த வருஷம். இருபது வரி அடித்து முடித்து "பூட் நெட்" கொடுத்தோம், தோணிகள் நடை போட ஆரம்பித்தன, விளக்கு அணைந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகு, 1,050 மெகாவாட் தயாரிக்கும் ஊரில் எங்களுக்கு ஒரு குண்டு பல்பு எரிய வழியில்லை. மறுநாள் என் வீட்டு யூபிஎஸ்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் நிறுவி ஏறிவிட்டது. ஸ்பார்க்குக்கு விசைப்பலகை இல்லாததால் சீரியல் கம்பி வழியே பிசி திரையில்தான் அதைப் பார்த்தோம். ஆங்கிலத்தில்தான் பேசியது. டெபியன் நிறுவிக்குத் தமிழும் தெரியும், ஆனால் படத்திரை இருந்தால்தான். கொம்பும் காலும் போட்டுக் "கொ" எழுதுவது வெறும் எழுத்துத் திரைக்கு முடியாத காரியம். அது போகட்டும். நிறுவியின் வேலை வட்டைத் துடைத்துப் புது இயங்குதளம் போடுவது. எங்களுக்கு வேண்டியதோ வட்டைத் தொடாமல் உள்ளே போவது. வட்டைப் பிரிக்கவா என்று அது கேட்கும் இடத்துக்கு முன்பே தம்பி வெளியேறி, உள்ளே இருக்கும் கட்டளை வரிக்குப் போய்விட்டான். அங்கிருந்து வட்டின் முழு நகலையும் கம்பி வழியே தன் பிசிக்கு இழுத்தான். 2 ஜிபி வட்டு, பத்து மெகாபிட் கம்பி. முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. மூத்தவர் வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

சம்பளக் கோப்புகள் வெறும் எழுத்தாகத்தான் இருந்தன. மாதம், பெயர், பி.எஃப். எண், பிடித்தம். லினக்ஸ் அந்த வட்டு நகலைப் படிக்க மட்டும் திறந்து காட்டியது. அச்செடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாகத் தைத்துக் கொடுத்தோம். புது நிர்வாகத்தின் மேலாளர் இரண்டு நாள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் நல்ல மனிதர், காகிதம் கேட்டதில் தப்பில்லை.

எட்டுப் பேருக்குப் பத்தாண்டுக்கு மேலே தெளிவாக இருந்தது. இரண்டு பேருக்கு ஏழு சொச்சம்தான் வந்தது. அவர்கள் கணக்கை முடித்துக் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டார்கள். மூத்தவருக்குக் கூட்டிப் பார்த்தால் ஒன்பது வருஷம் ஏழு மாதம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. தம்பிதான் திட்டத்தின் விதியைத் தேடி எடுத்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை ஒரு முழு வருஷமாகக் கணக்கிடவேண்டும். அந்த வரியை அடிக்கோடிட்டு விண்ணப்பத்தோடு இணைத்தோம். நாலு மாதம் கழித்துப் பென்ஷன் உத்தரவோடு வந்தவர், கூடவே ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வாவும் கொண்டுவந்தார். பாதியைத் தம்பிக்குக் கொடுக்கச் சொன்னார்.