டிரம்ப் வரி போட்டால் கூலிம் ஃபாக்டரி வேலைக்கு என்ன ஆகும்?

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி, மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்தார் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப். ஜூலை 7-ஆம் தேதி வந்த கடிதத்தில் அது 25 ஆனது. அதே மாத இறுதியில் 19 என்று குறைந்தது. அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூரில் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் டிரம்பும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் அந்த 19 அப்படியே இருந்தது.

ஏழு மாதத்தில் இத்தனை மாற்றம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்பவர்களுக்கும், எஸ்.பி.எம். முடித்துவிட்டு அங்கே வேலை தேடுபவர்களுக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: நம்ம வேலைக்கு ஆபத்தா?

அந்த விழுக்காட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பூங்காவில், பக்கத்துப் பக்கத்து ஆலைகளில், ஒரே வரி வேறு வேறு மாதிரி வேலை செய்கிறது. மூன்று விஷயங்களைப் பார்த்தால்தான் படம் தெளிவாகும்: என்ன பொருள் தயாராகிறது, அதை யார் வாங்குகிறார்கள், நீங்கள் என்ன ஒப்பந்தத்தில் வேலை செய்கிறீர்கள்.

கூலிமில் அப்படி என்ன தயாராகிறது?

மலேசியாவின் சிப் கதை பினாங்கில் தொடங்கியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் ஆலை திறந்த இன்டெல், வெளிநாட்டிலிருந்து வந்த சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் வேலையை அங்கே செய்தது. இன்றும் உலகச் சிப்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் வேலை மலேசியாவில்தான் நடக்கிறது என்று கணக்கிடப்படுகிறது.

கூலிம் பூங்கா 1996-இல் திறந்தது. பினாங்கிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது, இங்கே சிப்பே உருவாகிறது என்பதுதான். வேஃபர் எனப்படும் மெல்லிய வட்டத் தகட்டின் மேல் நுண்ணிய மின்சுற்றுகளைப் படிப்படியாகப் பதிப்பார்கள். தூசு நுழையாத கிளீன்ரூமில், உடல் முழுவதும் மூடிய உடையில், ஷிப்ட் முறையில் நடக்கும் வேலை இது. சில்டெர்ரா நிறுவனமும், 2006-இல் ஆலை திறந்த ஜெர்மனியின் இன்ஃபினியனும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனம் சிப்களைத் தாங்கும் அடித்தளத் தகடுகளைத் தயாரிக்கிறது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் சூரிய ஒளித் தகடுகளைத் தயாரிக்கிறது. இன்டெலுக்கும் இங்கே வளாகம் உண்டு.

கெடாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்து ஊர், இப்படித்தான் உலகச் சந்தையின் வரைபடத்தில் ஏறியது.

முதல் விஷயம்: என்ன பொருள்?

இந்த வரியைக் கட்டுவது யார்? கூலிம் ஆலை அல்ல. பொருளை அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் நிறுவனம்தான் அங்குள்ள சுங்கத்துறைக்கு வரி கட்டும். பிறகு அந்தச் செலவை யார் தலையில் ஏற்றுவது என்ற பேரம் நடக்கும். வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கலாம், விற்பவர் விலையைக் குறைக்கலாம், ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் வரி குறைவான வேறு நாட்டிலிருந்து வாங்கலாம். இந்தக் கடைசி வழியில் போனால் கூலிமில் வேலை போகலாம்.

2025-இல் இந்த வரி எல்லாப் பொருளுக்கும் பொருந்தவில்லை. குறைக்கடத்திச் சிப்களுக்கு விலக்கு இருந்தது. சூரிய ஒளித் தகடுகளுக்கு விலக்கு இல்லை. அதனால் 24, 25, 19 என்று தலைப்புச் செய்திகள் மாறிக்கொண்டிருந்தபோது, சிப் ஆலைகள் நேரடி அடியிலிருந்து தப்பின. ஃபர்ஸ்ட் சோலாரின் நிலைமை வேறு. அமெரிக்கச் சந்தையை நம்பியிருக்கும் அந்த நிறுவனம், மலேசியாவிலும் வியட்நாமிலும் உள்ள ஆலைகளில் உற்பத்தியைக் குறைப்பதாக அதே ஆண்டு அறிவித்தது. அது அமெரிக்க நிறுவனமே என்பதைக் கவனியுங்கள். எந்த நாட்டு நிறுவனம் என்று வரி பார்ப்பதில்லை. பொருள் எங்கே தயாரானது என்றுதான் பார்க்கிறது.

சிப் விலக்கும் நிரந்தரமானது அல்ல. தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இறக்குமதிக்கு வரி போட, அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் கொடுக்கிறது. அதன்படி சிப்கள் மீதான விசாரணை 2025 ஏப்ரலில் தொடங்கியது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி, சிப்களுக்கு ஏறத்தாழ 100 விழுக்காடு வரி வரும் என்றும், அமெரிக்காவில் ஆலை கட்டுபவர்களுக்கு அது இருக்காது என்றும் டிரம்ப் சொன்னார். ஆகவே அடுத்த முறை வரிச் செய்தி வந்தால் விழுக்காட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பொருளுக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற ரெண்டையும் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம்: யார் வாங்குகிறார்கள்?

2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, இன்ஃபினியன் கூலிமில் புதிய ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. 200 மில்லிமீட்டர் வேஃபரில் சிலிக்கான் கார்பைடு மின்சக்திச் சிப் தயாரிக்கும் உலகின் மிகப்பெரிய ஆலையாக இதை வளர்ப்பதுதான் திட்டம். முதல் கட்டத்துக்கு 200 கோடி யூரோ முதலீடு, 900 வேலைகள். அடுத்த கட்டத்துக்கு 500 கோடி யூரோ வரை. எல்லாம் முடிந்தால் மொத்தம் 4,000 வேலைகள் வரை என்று சொல்லப்பட்டது.

அதற்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 5-ஆம் தேதி, இதே நிறுவனம் உலக அளவில் 1,400 பேரைக் குறைக்கப் போவதாகவும், மேலும் 1,400 வேலைகளைச் சம்பளச் செலவு குறைவான நாடுகளுக்கு மாற்றப் போவதாகவும் அறிவித்தது. அப்போது டிரம்ப் பதவியிலேயே இல்லை. வரிக்கும் இந்த அறிவிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

அப்போ எதற்குச் சம்பந்தம்? தேவைக்கு. மின்காரின் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுவது இந்தச் சிப்களின் முக்கியமான வேலைகளில் ஒன்று. சாதாரண சிலிக்கானைவிட இதில் மின்சாரம் குறைவாக வீணாகும். அதனால் மின்கார் விற்பனை பறக்கும் என்ற கணக்கில் உலகம் முழுவதும் ஆலைகள் எழுந்தன. விற்பனை ஏறியது, ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. இதே சிப்பைத் தயாரிக்கும் அமெரிக்காவின் வுல்ஃப்ஸ்பீட் நிறுவனம், 2025 ஜூனில் கடன் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

அமெரிக்க அரசியல் இங்கே பின்வாசல் வழியாக வருகிறது. 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு வரி போட்டார்கள். மின்கார் வாங்குபவர்களுக்குக் கிடைத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இந்த ரெண்டு முடிவிலும் மலேசியாவின் பெயர் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு குடும்பம் மின்கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டால், இங்கே ஓர் ஆர்டர் குறைகிறது. மலேசியா மீதான வரி பூஜ்யமாகவே இருந்தாலும் இது நடக்கும்.

இது நமக்குப் புதுசா?

கெடா தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான், பொருள்தான் வேறு. நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே வெட்டிய பால், அமெரிக்கக் கார்களுக்கு டயர் ஆனது. பீடோங் பக்கம் உள்ள ஹார்வர்ட் தோட்டம் ஒரு அமெரிக்க டயர் கம்பெனிக்கே சொந்தமாக இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தபோது, பிரிட்டிஷ் அரசு 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவின் ஏற்றுமதிக்கு அளவு வைத்தது. விலை ஏறியது, 1925-இல் அமெரிக்காவில் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. வாங்குபவர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவில் தோட்டம் போட நிலம் எடுத்தது. ஹென்ரி ஃபோர்ட் பிரேசில் காட்டுக்குள் ரப்பர் நகரமே கட்டத் தொடங்கினார். இன்று ஒரு நாட்டைச் சிப்புக்காக நம்பக்கூடாது என்று அமெரிக்கா பேசுவதும் அதே கணக்குதான்.

1929-இல் பொருளாதார மந்தம் வந்தது. கார் விற்பனை சரிந்தது. 1932-இல் ஒரு பவுண்டு ரப்பரின் விலை சில சென்ட்டாகிவிட்டது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் கார் விற்காததற்கு, பெரட்டில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள்.

பிறகு செயற்கை ரப்பர் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலை போனபோது பல குடும்பங்களுக்கு வீடும் சேர்ந்தே போனது, ஏனென்றால் லயத்து வீடு தோட்டத்துடையது.

மூன்றாவது விஷயம்: உங்கள் ஒப்பந்தம் என்ன?

1930-களில் இல்லாத சில பாதுகாப்புகள் இன்று உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை.

முதலாவது, பெர்கேசோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். 2018 ஜனவரியில் தொடங்கியது. சம்பளத்தில் 0.2 விழுக்காட்டை நீங்களும், அதே அளவை முதலாளியும் கட்டுகிறீர்கள். சம்பளச் சீட்டில் பார்க்கலாம். ஆட்குறைப்பில் வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அடுத்தடுத்த மாதங்களில் படிப்படியாகக் குறையும். தகுதியைப் பொறுத்து 6 மாதம் வரை கிடைக்கலாம்.

இரண்டாவது, ஆட்குறைப்பு இழப்பீடு. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கி, குறைந்தது 12 மாதம் வேலை செய்தவர்களுக்கு இது பொருந்தும். 2 வருஷத்துக்குள் என்றால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருஷம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு முதலாளி தெரிவிக்கவும் வேண்டும்.

இந்த ரெண்டும் "ஆட்குறைப்பு" என்ற சொல்லில் தொங்குகின்றன. 6 மாதம், 1 வருஷம் என்று குறித்த ஒப்பந்தம் அதன் தேதியில் முடிந்தால், அது ஆட்குறைப்பு ஆகாது. காப்புறுதியும் கிடைக்காது, இழப்பீடும் கிடைக்காது. நீங்களாகவே ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்தாலும் இதே கதிதான். ஆகவே "நீங்களே கடிதம் குடுத்துடுங்க, அதுதான் உங்களுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் பெர்கேசோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோட்டத்தில் 1954-லிருந்து தேசிய அளவில் ஒரே சங்கம் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் துறையில் பல ஆண்டுகள் அதற்கு அனுமதியே இல்லை. 2009-இல்தான் வட்டார அளவில் சங்கம் அமைக்க அரசு இடம் கொடுத்தது. ஆகவே கூலிமில் ஒருவருடைய பாதுகாப்பு, பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் அந்த ஒப்பந்தத் தாளைப் பொறுத்தது.

அப்போ என்ன படிக்கலாம்?

2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத்தில், 60,000 பொறியாளர்களை உருவாக்குவது அரசின் இலக்குகளில் ஒன்று. கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது.

தேர்வு செய்யும்போது ஒன்றை யோசிக்கலாம்: கற்றுக்கொள்வது ஒரு பொருளுக்கான வேலையா, பல பொருளுக்குப் பொருந்தும் திறனா? ஒரு குறிப்பிட்ட லைனில் பொருளை ஏற்றி இறக்கும் வேலை, அந்த லைன் நின்றால் நின்றுவிடும். இயந்திரம் பழுது பார்ப்பது, மின்சுற்று, வெற்றிடக் கருவிகள், தரச் சோதனை போன்ற திறன்கள் சிப் ஆலையிலும், சூரியத் தகட்டு ஆலையிலும், மருத்துவக் கருவி ஆலையிலும் தேவைப்படும். ஃபர்ஸ்ட் சோலாரில் உற்பத்தி குறைந்தாலும், அந்தத் திறனோடு வேறு ஆலையின் வாசலுக்குப் போகலாம். பால் வெட்டத் தெரிந்தவருக்குத் தோட்டத்துக்கு வெளியே அந்த வசதி இருக்கவில்லை.

வரி மறுபடியும் மாறும். வாஷிங்டனில் எடுக்கும் முடிவைக் கூலிமில் இருப்பவர்கள் மாற்ற முடியாது. ஆனால் தான் செய்வது என்ன பொருள், அது எந்தச் சந்தைக்குப் போகிறது, தன் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்றையும் இன்றைக்கே தெரிந்துகொள்ள முடியும். சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத் தாளையும் எடுத்துப் பாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.