பூகர்ப்ப சாஸ்திரச் சிறு மானியங்கள்

பூமியின் அமைப்பையும் அதன் நெடிய வரலாற்றையும் ஆராய்வோருக்கு, களப் பிரயாணம், பாறை மாதிரிகளைச் சேகரித்தல், ஆய்வுக்கூடப் பரிசோதனை, நூல் வெளியீடு, மகாநாட்டில் கலந்துகொள்ளுதல் என்பவற்றுள் ஏதேனும் ஒரு குறித்த காரியத்தின் பொருட்டு, விஞ்ஞானச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் அரசாங்க ஸ்தாபனங்களும் வழங்கும் சிறு தொகைகள் இப்பெயரால் குறிக்கப்படும். ஆராய்ச்சியாளரின் சம்பளமோ, பெருங்கருவிகளின் விலையோ, கட்டடச் செலவோ பொதுவாக இவற்றில் அடங்குவதில்லை. முடிந்த காரியத்தைப் பாராட்டித் தருவது பரிசு. முடிய வேண்டிய காரியத்துக்கு முன்னதாகவோ, அது நடந்துகொண்டிருக்கும்போதோ தருவது மானியம். இவ்விரண்டும் தொடக்கத்தில் ஒரே நிதியிலிருந்து வழங்கப்பட்டமையால், பழைய ஆவணங்களில் ஒன்றோடொன்று கலந்தே காணப்படுகின்றன.

ரசாயனம் பயில்வோர் தாம் ஆராயும் பொருளைத் தம் மேசைக்கே வருவித்துக்கொள்ளலாம். பூகர்ப்ப சாஸ்திரியோ பாறை வெளித்தெரியும் மலைச்சரிவுக்கும் ஆற்றங்கரைக்கும் கல் குவாரிக்கும் தாமே போயாக வேண்டியவர். ஓரிடத்தில் கிடைத்த புதைபடிவத்தின் இனத்தையும் காலத்தையும் நிச்சயிப்பதற்கு, மற்றொரு நாட்டின் காட்சிசாலையில் உள்ள மூலப் படிவத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியும் நேரும். கல்லூரியில் நிலையான உத்தியோகமும் கையில் நல்ல நுண்ணோக்கியும் உள்ள ஒருவர்கூட, படகுக் கூலிக்கோ வண்டி வாடகைக்கோ வழியின்மையால் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடக் கூடுமாதலால், வேறு சில சாஸ்திரங்களில் உபரிச் செலவாகக் கருதப்படும் பிரயாணச் செலவு, இந்தச் சாஸ்திரத்தில் ஆராய்ச்சிச் செலவாகவே ஆகிவிடுகிறது.

உல்லாஸ்டன் நிதி

இத்துறையின் சங்கங்களுள் தொன்மை வாய்ந்த லண்டன் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கம் 1807-இல் நிறுவப்பெற்றது. பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்களைக் கண்டுபிடித்தவரும், பிளாட்டினத்தைத் தகடாகவும் கம்பியாகவும் அடிக்கத்தக்க பதத்துக்குக் கொணரும் முறையை வகுத்து அதனால் பெருஞ்செல்வம் ஈட்டியவருமான வில்லியம் ஹைடு உல்லாஸ்டன், தாம் காலமான 1828 டிசம்பர் மாதத்திலேயே, 3 சதவீத வட்டி தரும் 1,000 பவுன் அரசாங்கப் பத்திரங்களை அச்சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். பூமியின் கனிம அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஊக்குவிக்கவும், அத்தகைய ஆராய்ச்சி செய்வோருக்கு வெகுமதி அளிக்கவும் அதன் வட்டி பயன்பட வேண்டும் என்பது அவர் விதித்த நோக்கம். அவ்வட்டியைக் கஞ்சத்தனமாகச் சேர்த்து வைக்காமல், இயன்றவரை ஆண்டுதோறும் தாராளமாகச் செலவிட்டுவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

இந்நிதியின் முதல் கௌரவம், 1831-இல், வில்லியம் ஸ்மித்துக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் பாறை அடுக்குகளைக் காட்டும் பெரும் படத்தை 1815-இல் வெளியிட்ட ஸ்மித், 1819-இல் கடனுக்காகச் சிறையிருந்தவர். பணம் மிகவும் வேண்டியிருந்த நாட்கள் கழிந்து, 60 வயதைக் கடந்த பின்னரே அவருக்கு இப்பாராட்டு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. ஸ்விட்ஸர்லாந்தில் நூஷாட்டெல் நகரில் ஆசிரியராக இருந்த லூயி அகாஸி, புதைபடிவ மீன்களைப் பற்றிய தமது பெருநூலைச் சித்திரங்களுடன் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கி, அச்சுக்கூலியும் சித்திரக்காரர் கூலியும் கொடுத்து மாளாமல் இருந்த சமயத்தில், 1834 பிப்ரவரியில், அவருக்கு 30 கினி வழங்கச் சங்கம் தீர்மானித்தது. அச்செய்தியைப் பூகர்ப்ப சாஸ்திரியான சார்ல்ஸ் லயல் கடிதமூலம் அறிவித்தபோது, முடிவுபெறாத நூல்களுக்கும் இத்தொகையைக் கொடுக்கலாம் என்பது உல்லாஸ்டனின் கருத்தே என்று எடுத்துக்காட்டினார். மானியம் பரிசினின்றும் பிரிந்து தனக்கென ஓர் இலக்கணம் பெற்ற நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

பிரிட்டிஷ் அசோசியேஷனின் உதவிகள்

பிரிட்டிஷ் அசோசியேஷன் எனச் சுருக்கமாக வழங்கும், 1831-இல் யார்க் நகரில் தோன்றிய பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், தன் ஆண்டு மகாநாட்டில் சேரும் பணத்தின் ஒரு பகுதியை ஆராய்ச்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தை விரைவிலேயே மேற்கொண்டது. பிரிட்டனின் புதைபடிவ மீன்களை ஆராய்வதற்காக 1835-இல் அது செலவிட்ட 105 பவுனும் அகாஸியின் பணிக்கே உதவியது. ஆயினும் ஐந்து பாகங்களாக 1843 வரை நீண்ட அந்நூலை இத்தகைய உதவிகள் மட்டும் கரையேற்றிவிடவில்லை. அதற்காக வரையப்பட்ட 1,290 மூலச் சித்திரங்களை பிரான்ஸிஸ் எகர்ட்டன் பிரபு விலைக்கு வாங்கிப் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கத்துக்கு அளித்ததும் சேர்ந்தே அதனை முற்றுவித்தது.

இயற்கை ஆராய்ச்சியாளரான எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1839-இல் பெற்ற 60 பவுன் இன்னும் சிறியது. கடலடியில் வலைவாரியை இழுத்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வகைச் சிப்பிகளும் பிற பிராணிகளும் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதற்கு அமைந்த குழுவுக்கு அத்தொகை தரப்பட்டது. வாழும் சிப்பி இனங்கள் ஆழத்துக்கேற்ப மாறுபடும் முறையை அறிந்தவரே, பாறையில் உறைந்த சிப்பியைக் கண்டு, அது படிந்த கடலின் ஆழத்தை ஊகிக்க வல்லவர் ஆவாராதலின், படகுக்கும் கயிற்றுக்கும் கொடுத்த அப்பணம் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கும் கொடுத்ததேயாகும். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கேயி, கன்லிஃப் என்னும் இருவர் சேகரித்த புதைபடிவங்களைப் பரிசீலித்து 1846-இல் வெளிவந்த அறிக்கையை எழுதியவரும் இந்த ஃபோர்ப்ஸ்தாம்.

பூகம்ப ஆராய்ச்சியிலும் இச்சங்கத்தின் சிறு உதவிகள் நெடுங்காலம் பயன்பட்டன. 1876-இல் டோக்கியோவில் ஆசிரியப் பதவி ஏற்ற ஜான் மில்ன், 1880-இல் யோகஹாமாவைக் குலுக்கிய பூகம்பத்துக்குப் பின் அத்துறையிலேயே முழுக் கருத்தையும் செலுத்தினார்; ஜப்பானின் பூகம்பங்களை ஆராய்வதற்கெனப் பிரிட்டிஷ் அசோசியேஷன் அமைத்த குழு, பல ஆண்டுகள் அவருக்குச் சிறு சிறு தொகைகளை அளித்து, அவர் அறிக்கைகளை வெளியிட்டு வந்தது. 1895-இல் இல்லமும் கருவிகளும் தீக்கிரையாக, அவர் இங்கிலாந்து திரும்பி வைட் தீவில் ஷைடு என்னும் ஊரில் தங்கி, ஒரே மாதிரியான பூகம்பமானிகளை உலகின் பல பாகங்களிலும் நிறுவச் செய்து, அங்கிருந்து வரும் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்திலும் மில்ன் வகைக் கருவி ஒன்று வேலை செய்தது. மானியம் எட்டாத இடத்தில் தம் சொந்தப் பணத்தையும் அவர் தாராளமாகச் செலவிட்டார். 1913-இல் அவர் இறந்தபின் அப்பணி ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறி, சர்வதேசப் பூகம்பத் தொகுப்பாக வளர்ந்து, 1964-இல் சர்வதேசப் பூகம்பவியல் மையமாக உருக்கொண்டது.

லயல் நிதி

1875-இல் காலமான சார்ல்ஸ் லயல் தம் மரண சாஸனத்தின் வாயிலாகப் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கத்துக்கு 2,000 பவுன் விட்டுச்சென்றார். வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத தொகை தம் பெயரால் வழங்கப்படும் பதக்கத்தோடு செல்ல, எஞ்சியதைப் பிரயாணச் செலவுக்கோ, வெளியான அல்லது எழுதப்பட்டு வரும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கோ கொடுக்கலாம் என்றும், பெறுபவர் ஆணா பெண்ணா என்பதையும், எந்நாட்டினர், எம்மொழியில் எழுதியவர் என்பதையும் பாராட்டலாகாது என்றும் அவர் எழுதி வைத்தார். பிரயாணச் செலவு என்பது வெளிப்படையாகவே குறிக்கப்பட்டமை ஒரு சிறப்பு; பெண்கள் சங்கத்தின் உறுப்பினராகவே ஆகமுடியாதிருந்த காலத்தில் அவர்களுக்கும் நிதியில் உரிமை வழங்கப்பட்டமை மற்றொரு சிறப்பு.

இவ்வுரிமை நடைமுறைக்கு வருவதற்கு 1893 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியின் பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியையும், பாறைகளை நுண்ணோக்கியால் ஆராய்வதில் வல்லவருமான காதரின் ரெய்ஸின் அவ்வாண்டு லயல் நிதியைப் பெற்ற முதற் பெண்மணியானார். ஆயினும் சங்கத்தின் கூட்டத்தில் பெண்கள் அமர அனுமதி இல்லாமையால், அவருடைய ஆசிரியரான பானி என்பவரே அவர் பொருட்டு எழுந்து நின்று அத்தொகையைப் பெற்றுக்கொண்டார். கிராப்டோலைட் என்னும் புதைபடிவங்களின் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கெர்ட்ரூடு எல்ஸ் 1900-இல் இதே நிதியைப் பெற்றார். சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான். மானியத்தின் கதவு சங்கத்தின் கதவைவிட 26 ஆண்டுகள் முன்னரே அவர்களுக்குத் திறந்துவிட்டது.

அமெரிக்காவில்

1888-இல் தோன்றிய அமெரிக்கப் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கம், தாமிரச் சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டிய அறிஞரும் அச்சங்கத்தின் முன்னாள் தலைவருமான ரிச்சர்ட் பென்ரோஸ் 1931-இல் மறைந்தபோது, அவருடைய சொத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சம் டாலர் பெற்றது. அச்செல்வத்தின் துணையால் 1933 முதல் அது ஆராய்ச்சி மானியங்களை வழங்கி வருகிறது. பட்டமேற்படிப்பு மாணவரே இன்று அவற்றால் பெரும்பயன் பெறுபவர். முதல் களப் பணிக்குப் புறப்படும் மாணவருக்கு, பேராசிரியரின் பெருந்திட்டத்தைச் சாராது தாமே தேர்ந்த ஒரு வினாவைத் தொடர இத்தொகை இடங்கொடுக்கிறது.

மகாநாட்டுப் பிரயாணம்

சர்வதேசப் பூகர்ப்ப சாஸ்திர மகாநாடு முதன்முதலாக 1878-இல் பாரிஸ் நகரில் கூடியது. மகாநாட்டை ஒட்டி, அந்தந்த நாட்டின் முக்கியமான பாறை வெளிப்பாடுகளை நேரிற் காணும் களச் சுற்றுலாக்களும் நடைபெறுகின்றன. ஒருவர் அச்சிட்ட படத்தை மற்றவர் அவ்விடத்திலேயே நின்று மறுத்துரைப்பதற்கு இவை வாய்ப்பளிப்பதால், கட்டுரை வாசிப்பதைக் காட்டிலும் இவற்றில் கலந்துகொள்வதையே பலர் பெரிதாக மதிப்பர். பொருள்வளம் குன்றிய நாடுகளின் பிரதிநிதிகளுக்கு உதவ, இம்மகாநாட்டை நடத்துவோர் ஜியோஹோஸ்ட் என்னும் திட்டத்தைப் பிற்காலத்தில் அமைத்தனர். வியன்னாவில் ஆண்டுதோறும் கூடும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியமும் இளம் ஆராய்ச்சியாளருக்குப் பதிவுக் கட்டணத்தைத் தள்ளி, செலவில் ஒரு பகுதியையும் அளித்து வருகிறது.

1972-இல் யுனெஸ்கோவும் சர்வதேசப் பூகர்ப்ப சாஸ்திர ஒன்றியமும் சேர்ந்து தொடங்கிய திட்டம் வேறொரு வகை. பல நாட்டு அறிஞர் ஒரே பொருளை ஆராய முற்படும்போது, ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலரை அது அளிக்கிறது. அது ஆய்வுக்கூடச் செலவுக்கன்று, அவர்கள் ஓரிடத்திற் கூடிக் களத்தைப் பார்வையிடுவதற்கே உரியது. ஆராய்ச்சிக்கு வேண்டிய பெரும்பணத்தை ஒவ்வொருவரும் தம் நாட்டிலேயே தேடிக்கொள்கின்றனர்.

இந்தியாவில்

22-ஆவது சர்வதேச மகாநாடு 1964-இல் புதுதில்லியில் கூடியது. ஆசியாவில் நடந்த முதல் மகாநாடு அதுவே. வெளிநாடு செல்ல வழியற்ற இந்திய மாணவருக்கு, மகாநாடே வீடு தேடி வருவதைவிடச் சிறந்த பிரயாண மானியம் இல்லை. மீண்டும் தில்லியில் 2020 மார்ச்சில் கூடவிருந்த 36-ஆவது மகாநாடு, கொரோனாத் தொற்றால் தள்ளிப்போய், 2022 மார்ச்சில் இணையவழியே நடந்து முடிந்தது. வெளிநாட்டு மகாநாடுகளில் கட்டுரை படிப்போருக்கு விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த அமைப்புகளும், விஞ்ஞான, தொழிலக ஆராய்ச்சிக் குழுவும் விமானக் கட்டணம் முதலியவற்றை அளித்து வந்துள்ளன. இவை எல்லா விஞ்ஞானங்களுக்கும் பொதுவானவை.

வழங்கும் முறை

விண்ணப்பத்தில் ஆராய்ச்சியின் நோக்கம், செல்லும் இடம், காலம், செலவுத் திட்டம் ஆகியவை சுருக்கமாக இருத்தல் வேண்டும். மாணவராயின் ஆசிரியரின் பரிந்துரையும் கோரப்படும். செலவுத் திட்டத்தைப் படித்தாலே விண்ணப்பதாரர் களத்தை அறிந்தவரா என்பது தேர்வுக் குழுவுக்கு விளங்கிவிடும். வண்டி வாடகை, உணவு, தங்குமிடம், மாதிரிகளை மூட்டை கட்டி அனுப்பும் கூலி, அவற்றுக்கு வேண்டிய அனுமதிச் செலவு என்பன முதற் பகுதி. ஊர் திரும்பியபின் நேரும் செலவு இரண்டாம் பகுதி: பாறைத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் ஆகும்வரை தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாறையின் வயதைக் கணிக்க, அதற்குரிய கருவி உள்ள வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். களத்துக்கு மட்டும் பணம் கேட்டு இரண்டாம் பகுதியை மறந்தவருடைய கற்கள், மூட்டை அவிழ்க்கப்படாமலே கிடந்துவிடும். காரியம் முடிந்தபின் அறிக்கையும் கணக்கும் ஒப்படைத்தலும், வெளியாகும் கட்டுரையில் நிதியின் பெயரைக் குறித்தலும் பெறுபவரின் கடமைகள்.

குறைகள்

சிறு மானியம் ஒரு வேலையைத் தொடங்கி வைக்க வல்லது. பல்லாண்டுக் கணக்கில் நடத்த வல்லதன்று. மில்னின் பூகம்ப நிலையங்கள் அவர் காலத்துக்குப் பின்னும் நீடித்தது, நிலையான ஸ்தாபனங்கள் அப்பொறுப்பை ஏற்றமையாலேயே. தொகை சிறிதாயினும் விண்ணப்பமும் பரிந்துரையும் அறிக்கையும் பெருந்தொகைக்கு வேண்டிய அளவே நீளுமாயின், உழைப்புக்கும் உதவிக்கும் பொருத்தம் இல்லாமற் போகும். இவற்றினும் பெருங்குறை, செலவு செய்து ரசீது காட்டிய பின்னரே பணம் தரும் வழக்கமாகும். விமானச் சீட்டுக்கும் பதிவுக்கும் முன்பணம் போட இயன்றவருக்கே அது உதவுவதால், எவருக்கென அந்நிதி ஏற்பட்டதோ அவரே அதனைத் தொடமுடியாமல் நிற்க நேர்கிறது. இதனை உணர்ந்து, தொகையின் ஒரு பகுதியையேனும் புறப்படுமுன்பே கையில் கொடுத்துவிடும் முறையைச் சில சங்கங்கள் மேற்கொண்டுள்ளன.